வீட்டுத் தையலும் ஆரி வேலையும்: பல வருஷம் உடுத்திப் பார்த்த பிறகு

என் பிளவுஸ்களை நானே தைத்து, நானே ஆரி வேலை (கொக்கி ஊசியால் நூலும் பாசியும் வைத்துப் போடும் பூவேலை) போட்டு உடுத்தத் தொடங்கிப் பல வருஷம் ஆகிவிட்டது. தைத்து முடித்த அன்று எல்லா பிளவுஸும் அழகாகத்தான் இருக்கும். நாலு கல்யாணத்துக்கு உடுத்தி, வியர்த்து, அலசி, மடித்து வைத்து, மறுபடி எடுக்கும்போதுதான் எது நிற்கிறது, எது உதிர்கிறது என்று தெரியும். அந்த அனுபவத்தைத்தான் எழுதுகிறேன்.

முதலில் மெஷின். என்னிடம் இருப்பது காலால் மிதிக்கும் சாதாரணக் கறுப்பு மெஷின். நேர்த்தையல் மட்டும்தான் போடும். பின்னால் ஒரு சின்ன மோட்டாரும் மாட்டினேன். பக்கத் தையல், பாவாடை ஓரம் போன்ற நீளத் தையலுக்கு மோட்டார் நல்ல உதவி. கழுத்து வளைவும் கைக்குழியும் மட்டும் இன்றைக்கும் மிதித்துத்தான் தைக்கிறேன். ஒரே ஒரு தையல் போட்டு நிறுத்தித் துணியைத் திருப்ப வேண்டிய இடத்தில் கால் சொன்னபடி கேட்கும். விதவிதமான டிசைன் தையல் போடும் மெஷின் வாங்கலாமா என்று பலரும் கேட்கிறார்கள். பிளவுஸ், சுடிதார், பாவாடைதான் தைக்கப் போகிறீர்கள் என்றால் நேர்த்தையல் தாராளமாகப் போதும். மிச்சப் பணத்தை நல்ல லைனிங், நல்ல நூலில் போடுங்கள்.

பராமரிப்பு பெரிய வேலை இல்லை. ஊசிக்குக் கீழே உள்ள தகட்டைக் கழற்றிப் பாருங்கள், துணியை நகர்த்தும் பல்லுக்கு இடையில் பஞ்சுத் தூசி திட்டுத்திட்டாக அடைந்திருக்கும். பழைய டூத் பிரஷால் தட்டிவிட்டு, அடிநூல் இருக்கும் ஷட்டிலில் ஒரு சொட்டு மெஷின் எண்ணெய் விட்டால் சத்தமே மாறிவிடும். எண்ணெய் விட்ட பிறகு கழிவுத் துணியில் கொஞ்ச நேரம் ஓட்டிவிட்டுத்தான் பட்டைத் தொட வேண்டும். அடிப்பக்கம் நூல் சுருள் சுருளாக வந்தால் எல்லோரும் அடிநூல் சுற்றிய பாபினைத்தான் குறை சொல்வார்கள். பெரும்பாலும் கோளாறு மேல் நூலில் இருக்கும். நூலை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷன் தட்டுகளுக்கு நடுவே நூல் சரியாக உட்கார்ந்திருக்காது. துணியை அழுத்தும் மெஷின் பாதத்தைத் தூக்கி வைத்து மறுபடி கோத்தாலே பாதி நேரம் சரியாகிவிடும். பாபின் கேஸைச் சோதிக்க ஒரு வழி உண்டு. நூலைப் பிடித்து அதைத் தொங்கவிடுங்கள். தானாக இறங்கக் கூடாது. லேசாக ஒரு உதறு உதறினால் கொஞ்சம் இறங்கி நிற்க வேண்டும். நின்றால் டென்ஷன் சரி.

லைனிங் துணியை வாங்கிய கையோடு வெட்டாதீர்கள். டூ பை டூ காட்டனை ராத்திரி தண்ணீரில் ஊறப்போட்டு, காயவைத்து, இஸ்திரி போட்டபின் வெட்ட வேண்டும். இல்லையென்றால் முதல் அலசலில் லைனிங் சுருங்கி, மேலே இருக்கும் பட்டு சுருக்கம் விழுந்து தொங்கும். பக்கத் தையலில் உள்ளே ஒன்றரை இஞ்ச் துணி விட்டுத் தைத்தால் உடம்பு கொஞ்சம் மாறினாலும் பிரித்துத் தைத்துக்கொள்ளலாம். வீட்டில் தைப்பதில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

இனி ஆரி. இந்தக் கொக்கி ஊசி குஜராத்தின் கட்ச் பக்கம் தோல் வேலை செய்யும் மோச்சி சமூகத்தாரின் குத்தூசியிலிருந்து வந்தது. தோலைக் குத்தப் பிறந்த கருவி என்பதால் பட்டுக்கு எப்போதும் மெல்லிய ஊசியாகவே எடுங்கள், தடித்த ஊசி இழையை அறுத்துவிடும். துணியை ஸ்டாண்டில் பறை மாதிரி விறைப்பாகக் கட்டுங்கள். வலது கை மேலே ஊசியைப் பிடிக்கும். இடது கை துணிக்கு அடியில் இருந்து ஒவ்வொரு தையலுக்கும் நூலைக் கொக்கியில் மாட்டிவிடும். குத்தி, அடியில் நூலை மாட்டி, கொக்கியை அரைவட்டம் திருப்பி மேலே இழுத்தால் ஒரு கண்ணி. கொக்கி திரும்பாமல் வந்தால் துணியில் சிக்கும்.

மெஷின் தையலில் மேல் நூலும் அடி நூலும் ஒன்றையொன்று பூட்டிக்கொள்ளும். ஆரியில் இருப்பது ஒரே நூல், கண்ணிக்குள் கண்ணி. முனையில் முடிச்சு சரியில்லையென்றால் ஒரு இழுப்பில் வரிசையே பிரிந்து வரும். அதனால் பாசி கோக்கும்போது ஐந்தாறு பாசிக்கு ஒரு தடவை அதே இடத்தில் சின்னதாக இரண்டு தையல் பூட்டிக்கொள்வேன். எங்காவது நூல் அறுந்தாலும் சேதம் அந்த இடத்தோடு நிற்கும்.

எது எப்படி உழைக்கிறது என்றால், பட்டு நூல் சங்கிலித் தையலுக்கு ஈடே இல்லை. துணி நைந்தாலும் அது அப்படியே இருக்கும். உருண்டையான சின்னப் பாசி நன்றாக நிற்கும். குழாய் மாதிரி நீளமான பைப் பாசியின் முனை கூர்மை, நாளாவட்டத்தில் தன் நூலைத் தானே அறுக்கும். அதை இரட்டை நூல் போட்டுச் சாதாரண ஊசியில் தைப்பதே நல்லது. பசையில் ஒட்டும் குந்தன் கற்களை நான் நிறுத்தியே விட்டேன். வியர்வையும் தண்ணீரும் பட்டால் பசை மஞ்சளாகிக் கல் ஒவ்வொன்றாக விழுகிறது. தைக்க ஓட்டை உள்ள கல்லாகக் கேட்டு வாங்குங்கள். மதுரையில் புதுமண்டபத்தில் இருந்த கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறியிருக்கின்றன. பாசியும் நூலும் தேடுகிறவர்கள் அங்கே ஒரு சுற்று சுற்றலாம். பாசியை வாங்கியதும் நாலைந்தை ஈரமான வெள்ளைத் துணியில் தேய்த்துப் பாருங்கள். சாயம் ஒட்டினால் பட்டுக்கு ஆகாது.

இதைவிட முக்கியம், வேலைப்பாட்டை எங்கே வைக்கிறோம் என்பது. முந்தானை இடது தோளில்தான் விழும். இடது முன்கழுத்தில் சர்தோசியை (உலோகக் கம்பிச் சுருள் வேலை) அடுக்கினால் யார் கண்ணிலும் படாது, போதாததற்குப் புடவையின் இழையையும் இழுத்துக் கிளப்பும். அங்கே தட்டையான நூல் வேலை மட்டும் போடுகிறேன். கையின் உட்பக்கம் இடுப்போடு உரசும், அந்த இடம் வெறுமையாகவே இருக்கட்டும். கையின் வெளிப்பக்கமும் பின்கழுத்தும்தான் கனமான வேலைக்கு இடம். நீளமாகச் சடை போடுகிறவர்களுக்குப் பின்கழுத்திலும் ஒரு யோசனை வேண்டும். சர்தோசிச் சுருளில் முடி மாட்டி இழுக்கும், சடை விழும் நடுப்பகுதியில் நூல் வேலையோடு நிறுத்திக்கொள்ளலாம்.

ஆரி போடுவது துணியை வெட்டுவதற்கு முன்னால். வேலை முடிந்ததும் துணி லேசாகச் சுருங்கியிருக்கும், அளவை மறுபடி வைத்துப் பார்த்துத்தான் கத்தரிக்கோலை எடுக்க வேண்டும். பாசி தையல் கோட்டிலிருந்து கொஞ்சம் தள்ளியே இருக்கட்டும், ஊசி அதில் பட்டால் ஒடிந்து தெறிக்கும். கழுத்தோரம் தைக்க ஜிப் வைக்கும் ஒற்றைக்கால் பாதம் மாட்டினால் பாசிக்குப் பக்கத்தில் ஒட்டினாற்போல் தைக்கலாம்.

எதிர் வீட்டுப் பெண், “அக்கா, இதுக்குக் கிளாஸ் போகணுமா?” என்று கேட்டாள். போனால் நல்லதுதான். கை பிடிக்கும் விதத்தை ஒருவர் பக்கத்தில் இருந்து காட்டினால் சீக்கிரம் வரும். மற்றபடி காடாத் துணியில் வெறும் சங்கிலி வரிசையாகப் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். கண்ணிகள் ஒரே அளவில் விழத் தொடங்கிய பிறகு பாசியைக் கையில் எடுக்கலாம்.

ஆரி பிளவுஸில் நேராக சென்ட் அடிக்காதீர்கள், ஜரிகை கறுக்கும். கழற்றியதும் உள்பக்கம் வெளியே தெரியும்படி திருப்பி நிழலில் காற்றாடவிடுங்கள். வேலைப்பாட்டைத் துண்டின் மேல் கவிழ்த்துப் போட்டுப் பின்பக்கம் இஸ்திரி போடுங்கள். பிளாஸ்டிக் கவர் வேண்டாம், பழைய வேட்டித் துணியில் சுற்றி வையுங்கள்.

கடைசியாக ஒன்று. வேலை போடும்போதே அடியில் மெல்லிய காட்டன் ஒன்றைச் சேர்த்துக் கட்டிவிடுங்கள். பிளவுஸ் அக்குளில் நைந்துபோனாலும் கழுத்து வேலை நன்றாகவே இருக்கும். அதைச் சுற்றி அரை இஞ்ச் விட்டு வெட்டி, ஓரத்தை மடித்து, புதுத் துணியில் வைத்துக் கையாலேயே தைத்துவிடலாம். என் அரக்குப் பட்டு பிளவுஸின் பின்கழுத்து இப்போது மகளின் பாவாடைச் சட்டையில் இருக்கிறது.