கச்சத்தீவா, கடற்படையா, சூரைப் படகா? பாக் விரிகுடாவுக்கு எது தீர்வு

ராமேஸ்வரம் மீன்பிடித் துறைமுகத்தில் கடலுக்குப் போன விசைப்படகுகள் மறுநாள் காலை திரும்பும்போது நின்று பார்க்க வேண்டும். முதலில் இறால் இறங்கும், பிறகு நண்டும் கணவாயும். கடைசியில் கூடை கூடையாக இன்னொன்று வரும். விரல் நீளம்கூட வளராத குஞ்சுகள், நசுங்கிய சிறு நண்டுகள், பெயர் சொல்லிக் கூப்பிட முடியாத சின்னஞ்சிறு உயிர்கள் எல்லாம் கலந்த சேறு. அதற்குச் 'சங்காயம்' என்று பெயர். வெயிலில் காய்ந்து மீன்தூளாகிக் கோழித் தீவனத்தில் சேர்கிறது. பாக் விரிகுடா மீன்பிடியை ஒட்டி இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையில் இருக்கும் பாதுகாப்புச் சிக்கலை இந்தக் கூடைக்குள்ளேயே பார்த்துவிடலாம்.

தொலைக்காட்சி விவாதங்களில் இந்தச் சிக்கல் எப்போதும் எல்லைக் கோடாகவே வருகிறது. கோடு 1974இல் போடப்பட்டது. இந்தியக் கரையில், விசைப்படகு கடலடியோடு வாரி இழுக்கும் வலையான இழுவைமடி பெருகியது அதற்கு முன்பே, 1960களில். ஏற்றுமதி இறாலுக்கு விலை ஏற ஏற, படகும் பெருகியது, அதை நம்பிய குடும்பங்களும் பெருகின. ஆனால் கடல் அதே கடல்தான். பெரும்பகுதியில் பதின்மூன்று மீட்டர் ஆழத்தைத் தாண்டாத, கடற்புல் வளரும் ஆழமில்லாக் கடல். 1983க்குப் பிறகு போரால் வட இலங்கை மீனவர் கரையிலேயே முடக்கப்பட்டார்கள். காலியான அந்தக் கடலில் நம் படகுகள் இழுத்துப் பழகின. 2009இல் போர் முடிந்து அவர்கள் வலையோடு திரும்பியபோது, நமக்கு அது வழக்கமான மீன்பிடித் தளமாகியிருந்தது.

இதற்கு நான்கு தீர்வுகள் பேசப்படுகின்றன. நான்கும் ஒரே எடையல்ல. ஆகவே நான்குக்கும் சமமாக இடம் ஒதுக்கப்போவதில்லை.

1974 ஒப்பந்தத்தில் இலங்கை வசமான கச்சத்தீவை மீட்பது முதலாவது. 285 ஏக்கர், குடிநீர் கிடையாது, ஆண்டுக்கொரு முறை அந்தோணியார் திருவிழா. 2025 ஏப்ரலில்கூடத் தமிழகச் சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது. 2014இல் உச்ச நீதிமன்றத்தில் அன்றைய அட்டர்னி ஜெனரல், திரும்பப் பெற வேண்டுமானால் போர்தான் செய்ய வேண்டும் என்ற பொருளில் பேசினார். போரை விடுங்கள். நாளையே தீவு கைக்கு வந்தாலும் என்ன மாறும்? நம் படகுகள் நெடுந்தீவுக்கு அருகிலும் பருத்தித்துறைப் பக்கமும் பிடிபடுகின்றன. அந்தக் கடல் தீவோடு சேர்ந்து வந்துவிடாது. வலை காயவைக்கும் உரிமையைப் பற்றிப் பேசலாம், அதில் நியாயம் உண்டு. ஆனால் இழுவைப் படகுக்காரருக்கு வலை காயவைக்க இடம் தேவைப்படுவதில்லை. இந்தத் தீர்வு வாக்குக்கு உதவும், வலைக்கு உதவாது.

இரண்டாவது, கடற்படை. இலங்கை அரசு தேர்ந்த வழி இது. 2017இல் இழுவைமடியை முற்றாகத் தடை செய்தார்கள். 2018இல் வெளிநாட்டுப் படகுகளுக்கான அபராதத்தை அவர்கள் பணத்தில் 17.5 கோடி ரூபாய் வரை உயர்த்தினார்கள். 2022 பிப்ரவரியில் பிடிபட்ட நூற்றுக்கும் மேற்பட்ட படகுகளை ஏலம் விட்டார்கள். 2024 பிப்ரவரியில் படகோட்டிகளுக்கு ஆறு மாதச் சிறை விதித்தார்கள். அந்த ஓராண்டில் மட்டும் ஐந்நூறுக்கும் மேற்பட்ட இந்திய மீனவர்கள் கைதானார்கள். இவ்வளவுக்கும் பிறகு படகுகள் நின்றனவா? இல்லை.

காரணம் எளியது. படகு முதலாளி கரையில் இருக்கிறார், சிறைக்குப் போகிறவர் பங்குக் கூலிக்கு ஏறியவர். அவருக்குப் போகாமல் இருப்பதும் பட்டினி, போவதும் ஆபத்து. இதற்கிடையில் உயிர்கள் போகின்றன. 2021 ஜனவரியில் நெடுந்தீவு அருகே கடற்படைக் கலத்தோடு மோதிய படகில் நான்கு பேர் இறந்தார்கள். 2024 ஜூனில் நம் படகொன்றைப் பிடிக்கும் நடவடிக்கையில் இலங்கைக் கடற்படை வீரர் ஒருவர் இறந்தார். இந்த இரண்டாவது செய்தி தமிழ்நாட்டில் எவ்வளவு பேசப்பட்டது என்று நினைத்துப் பார்க்கலாம்.

ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். யாழ்ப்பாணத்து மீனவர் கடற்படையைக் கூப்பிடுவது வேறு வழியில்லாமல்தான். போர்க்காலத்தில் அதே கடற்படையால் கடலுக்குப் போக முடியாமல் இருந்தவர் அவர். கடன் வாங்கி வாங்கிய நைலான் வலையை இரவில் கடலில் விட்டுவிட்டுக் காத்திருப்பார். அவர் 'றோலர்' என்று சொல்லும் நம் விசைப்படகு அதன் மேலேயே இழுத்துப் போகும். விடியற்காலையில் மிச்சமிருப்பது மிதவையும் கொஞ்சம் கிழிசலும். அறுத்தவரும் தமிழர், இழந்தவரும் தமிழர். தொப்புள்கொடி உறவு என்ற சொல்லை மேடையில் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்த மிதவை நினைவுக்கு வருகிறது.

மூன்றாவதுதான் அதிகம் பேச வேண்டியது, ஏனென்றால் அதில் உண்மையான பணம் இருந்தது. 2017 ஜூலையில் ராமேஸ்வரத்தில் பிரதமர் தொடங்கிவைத்த ஆழ்கடல் திட்டம். பாக் விரிகுடாவின் 2,000 இழுவைப் படகுகளை மூன்றாண்டில் கழித்துவிட்டு, சூரை மீன் பிடிக்கும் தூண்டில், செவுள்வலைப் படகுகளைத் தருவது. படகு ஒன்றுக்கு 80 லட்சம் ரூபாய். அதில் பாதி மத்திய அரசு, 20 சதவீதம் மாநில அரசு, 20 சதவீதம் வங்கிக் கடன், மீதி 10 சதவீதம் மீனவர். தாளில் பார்த்தால் நான்கில் இதுவே சிறந்தது. நோயின் வேரான படகு எண்ணிக்கையைத் தொடுகிறது, எதிர்த்தரப்போடு பேசிக்கொண்டிருக்கத் தேவையில்லை, நம் கரையிலேயே முடித்துவிடலாம்.

நடந்தது வேறு. மூன்றாண்டு கெடு போய் எவ்வளவோ காலம் ஆகிவிட்டது. இறங்கிய படகுகள் இலக்கின் அருகில்கூட வரவில்லை. திட்டம் படகை மாற்றியது, மீனவரை மாற்ற முடியும் என்று சும்மா நம்பிவிட்டது. பாக் விரிகுடாக்காரர் மாலையில் சோறு கட்டிக்கொண்டு போய் காலையில் வீடு திரும்பிப் பழகியவர். சூரைக்குப் போனால் நாள்கணக்கில், சமயத்தில் வாரக்கணக்கில் கடலில் கிடக்க வேண்டும். அது வேறு தொழில், வேறு உடம்பு. குமரி மாவட்டத்துத் தூத்தூர்ப் பக்கத்து மீனவர்கள் அதைத் தலைமுறையாகச் செய்கிறார்கள், ராமேஸ்வரத்தில் அந்தப் பழக்கம் இல்லை. அதோடு, சூரைப் படகு நிற்கும் துறைமுகம் வேறு, சந்தை வேறு, கடன் தவணை மட்டும் மாதாமாதம் தவறாமல் வரும்.

என் கணக்கு எளிமையானது. 2,000 படகுகளுக்கான மானியம் மட்டுமே 1,120 கோடி ரூபாய். இதைப் புதுப் படகு வாங்குவதற்குக் கொடுக்காமல், பழைய படகை உடைப்பதற்குக் கொடுத்திருந்தால்? முதலாளிக்கு ஒரு பங்கு, படகில் ஏறும் ஆட்களுக்கு இன்னொரு பங்கு. அவர்கள் அதைக் கொண்டு வள்ளம் வாங்கட்டும், கடை வைக்கட்டும், பிள்ளையைப் படிக்கவைக்கட்டும். கூலியாட்களுக்கு ஆழ்கடல் திட்டத்தில் இடமே இருக்கவில்லை. அதே நேரத்தில் வரிவிலக்கு டீசல் வேறு விசைப்படகுகளுக்குத் தொடர்ந்து கிடைக்கிறது. 2022இல் இதே பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டரைக் கடற்பசுக் காப்பகமாகத் தமிழக அரசு அறிவித்தது. கடற்பசு தின்பது கடற்புல்லை. கடற்புல்லை உழுதுபோவது இழுவைமடி. ஒரு கை நடுகிறது, இன்னொரு கை பிடுங்குகிறது.

நான்காவது, கூட்டு நிர்வாகம். ஆஸ்திரேலியாவும் பப்புவா நியூ கினியாவும் 1978இல் டோரஸ் நீரிணைக்காக ஓர் ஒப்பந்தம் போட்டன. கடலடிக்கு ஒரு கோடு, மீனுக்கு வேறொரு கோடு. நடுவில் பாதுகாக்கப்பட்ட பகுதி. அங்கே இரு கரைப் பாரம்பரிய மக்களும் பாஸ்போர்ட் இல்லாமல் போய்வரலாம், வணிக மீன்பிடியில் பங்கு பேசி வைத்துக்கொள்ளலாம். கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் அங்கே ஆள் குறைவு. இங்கே 2,000 இழுவைப் படகுகளை வைத்துக்கொண்டு 'பங்கு' என்று சொன்னால் எதிர்க்கரையில் யார் நம்புவார்கள்? 2010இல் இரு தரப்பு மீனவர்களும் பேசி, ஓராண்டில் இழுவைமடியை விடுவதாக நம் தரப்பு ஒப்புக்கொண்டது, நடக்கவில்லை. 2015இல் மூன்றாண்டுகளுக்கு ஆண்டுக்கு 83 நாள் அனுமதி கேட்டோம், கொடுக்கவில்லை. முதலில் சொன்ன சொல்லைக் காப்பாற்றாதவருக்கு இரண்டாவது அவகாசம் எப்படிக் கிடைக்கும்?

ஆகவே வரிசையில்தான் விஷயம் இருக்கிறது. மூன்றாவதைத் திருத்தி முதலில் செய்ய வேண்டும், அப்புறம்தான் நான்காவதைப் பேச வாய் வரும். இடைக்காலத்தில் கைதானவரை அடிக்காமல், விரைவாக விடுவிப்பதே கடற்படைக்குரிய வேலை. கச்சத்தீவு தேர்தல் மேடையிலேயே இருக்கட்டும்.

கூட்டு நிர்வாகம் நம்மால் முடியாது என்பவர்களுக்கு ஒரு செய்தி. நாட்டுப்படகுக்காரரோடு அடிதடி வராமல் இருக்க, நம் பாக் விரிகுடா மாவட்டங்களில் விசைப்படகுக்கு வாரம் மூன்று நாள், நாட்டுப்படகுக்கு நான்கு நாள் என்ற முறை பல்லாண்டாக இருக்கிறது. இலங்கையோடு இதைப் பற்றி யாரும் கையெழுத்திடவில்லை. ஆனால் யாழ்ப்பாணக் கரையில் பலர் அந்த மூன்று நாள்களில் வலை விடுவதில்லை. விசைப்படகு கடலுக்குப் போக நம் பக்கம் தரப்படும் அனுமதி டோக்கன் எந்தக் கிழமை என்று அவர்களுக்கு மனப்பாடம்.