கோவளத்தில் அலைச்சறுக்கு: பயிற்சிக்கு நூற்றுக்கு நூறு, மற்றதற்கு இல்லை

கேரளத்துக் கோவளத்தைச் சொல்லவில்லை. சென்னைக்குத் தெற்கே, முட்டுக்காட்டைத் தாண்டியதும் வருகிற நம்முடைய கோவளம். குடியாத்தத்திலிருந்து வேலூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு, திருப்போரூர் என்று பஸ் மாறி, கேளம்பாக்கத்தில் இறங்கி ஷேர் ஆட்டோ பிடித்து, சனிக்கிழமை இருட்டிய பிறகு நானும் என் மகளும் போய்ச் சேர்ந்தோம். அவள் பிளஸ் ஒன் படிக்கிறாள். 2023-இல் மாமல்லபுரத்தில் நடந்த சர்வதேச அலைச்சறுக்கு (சர்ஃபிங், பலகையில் நின்று அலைமேல் வழுக்கிப் போவது) போட்டியைப் போனில் பார்த்த நாளிலிருந்து ஒரே நச்சரிப்பு. “ஒலிம்பிக்கிலேயே சேர்த்துவிட்டார்கள், உங்கள் பள்ளிக்கூடத்தில் இன்னும் கபடியும் கோ-கோவும்தானா அப்பா?” என்பாள். நான் 19 வருடமாக உடற்கல்வி ஆசிரியர். அந்தக் கேள்வி கொஞ்சம் சுட்டது.

எங்கள் பக்கத்தில் ஒருவனுக்கு நீச்சல் தெரியும் என்றால் கிணற்றில் தெரியும் என்று பொருள். எனக்கு எட்டு வயதில் பெரியப்பா முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டி, மோட்டார் கொட்டகைப் படியிலிருந்து தள்ளிவிட்டார். மூன்றாம் நாள் குடுக்கையை அவிழ்த்துவிட்டு மறுபடியும் தள்ளினார். அதுதான் பயிற்சி, அதுதான் தேர்வு. பாலாற்றில் நீந்திப் பழகியவர்கள் என் வயதில் அதிகம் இல்லை. ‘நீரில்லாத ஆறு’ என்று எங்கள் ஊரைக் கேலி செய்வது எல்லோருக்கும் தெரியும். 2021 நவம்பரில் அந்த ஆறு இரு கரையும் புரண்டு ஓடியபோது யாருக்கும் நீந்திப் பார்க்கும் எண்ணம் வரவில்லை.

அங்குள்ள அலைச்சறுக்குப் பள்ளியில் பயிற்சிக் கட்டணம் ஒருவருக்கு 1,500 ரூபாய், ஒன்றரை மணி நேரம். காலை ஆறு மணிக்கு வரச் சொன்னார்கள். ஐந்தே முக்காலுக்குப் போய் நின்றோம். பூட்டிய கதவு, ஒரு நாய். ஆறே முக்காலுக்குத்தான் ஒருவர் சாவியோடு வந்தார். மன்னிப்பு ஒன்றும் கேட்கவில்லை, டீ வாங்கித் தந்தார். காலை வழிபாட்டுக்கு ஐந்து நிமிடம் தாமதமாக வரும் பிள்ளையை மைதானத்தைச் சுற்றி ஓடவைக்கிறவன் நான், டீக்கெல்லாம் மசிந்துவிட முடியாது. என் மதிப்பீட்டில் இதற்கே ஒரு நட்சத்திரம் குறைத்துவிட்டேன்.

பயிற்சியாளர் இருபத்தைந்து வயது மதிக்கத்தக்க தம்பி, அதே குப்பத்து மீனவர் வீட்டுப் பிள்ளை. அவர் எடுத்த எடுப்பில் பலகையைத் தரவில்லை. மணலில் உட்காரவைத்து, “கடலைப் பாருங்கள்” என்றார். பார்த்தோம். “எங்கே அலை உடையவில்லை?” என்று கேட்டார். இடது பக்கம் ஓர் இடத்தில் நுரையே இல்லாமல் தண்ணீர் அமைதியாக இருந்தது. குளிக்க நல்ல இடம் என்று நான் மனதுக்குள் குறித்துவைத்திருந்த இடமும் அதுதான். கரைக்கு வந்த தண்ணீர் எல்லாம் திரும்பிப் போகிற வழி அது, அலை உடையாததே அதற்கு அடையாளம் என்றார். அதில் மாட்டினால் கரையைப் பார்த்து எதிர்த்து நீந்தக் கூடாது, கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியே வந்த பிறகுதான் கரைக்குத் திரும்ப வேண்டும். அன்றைக்கு நீரோட்டம் தெற்கிலிருந்து வடக்கே போய்க்கொண்டிருந்தது. ‘தெண்டி’ என்று அதற்கு அவர்கள் மொழியில் பெயர். வடக்கிலிருந்து வந்தால் ‘வன்னி’. என்னுடைய முப்பது வருடக் கிணற்று அனுபவம் அந்த இருபது நிமிடத்தில் காணாமல் போயிற்று.

அடுத்து எங்களை நிற்கவைத்துப் பேசிக்கொண்டே பின்னால் போனவர், சொல்லாமல் கொள்ளாமல் முதுகில் லேசாகத் தள்ளினார். தடுமாறி ஒரு காலை முன்னே வைத்தேன். “உங்களுக்கு இடது கால் முன்னால், பாப்பாவுக்கு வலது கால் முன்னால்” என்றார். நீளம் தாண்டுதலில் எந்தக் காலில் எகிறுவது என்று தெரியாத பிள்ளைக்கு நானும் இதையேதான் செய்கிறேன். அப்போதுதான் என் வேலையைச் சொன்னேன். அதுவரை அண்ணா என்றவர் சார் என்று மாறிக்கொண்டார், ஆனால் கண்டிப்பு குறையவில்லை.

மணலில் விரலால் பலகையின் உருவத்தை வரைந்து, நடுவே ஒரு கோடு இழுத்து, அதன்மேல் குப்புறப் படுக்கவைத்தார். கால்விரல் வால் நுனியில், நெஞ்சு தூக்கி, இரண்டு கையாலும் துடுப்புப் போடுவதுபோல மணலை வாரவேண்டும். பிறகு உள்ளங்கையை விலா எலும்புக்கு அருகில் ஊன்றி ஒரே உந்தலில் எழ வேண்டும். முட்டி போட்டு எழுந்தால் கணக்கில் சேராது. பத்து முறை, பதினைந்து முறை. என் மகள் நான்காவது முறையிலேயே சரியாக எழுந்தாள். என் முட்டி ஒவ்வொரு முறையும் மணலைத் தொட்டது. “சார், முட்டி” என்று அவர் சொல்லச் சொல்ல, எத்தனை பிள்ளைகளிடம் இதே தொனியில் நான் பேசியிருப்பேன் என்று நினைத்துக்கொண்டேன்.

தண்ணீரில் ஒன்பது அடிப் பலகை, மேற்புறம் மெத்தென்று இருக்கும், விழுந்தாலும் மண்டை உடையாது. கணுக்காலில் ஒரு கயிறு, பலகை நம்மை விட்டு ஓடாமல் இருக்க. இடுப்பளவு ஆழத்தில் அவர் பலகையைப் பிடித்துக்கொண்டு நிற்பார், பின்னால் வரும் அலைகளில் மூன்றை விட்டுவிட்டு நான்காவதில் தள்ளிவிடுவார். ஏன் அந்த நான்காவது என்று எனக்குக் கடைசி வரை பிடிபடவில்லை. நான் பதினோரு முறை விழுந்தேன். எழுந்தவுடன் காலைப் பார்த்ததுதான் காரணம். “காலைப் பார்க்காதீர்கள், கரையில் அந்த நீலப் படகைப் பாருங்கள்” என்றார். பன்னிரண்டாவது முறை நீலப் படகு என்னை நோக்கி வந்துகொண்டே இருந்தது. நான்கு விநாடி இருக்கும். என் மகள் ஐந்து என்கிறாள்.

அவளுக்கு இன்னோர் ஆசையும் இருந்தது. ஆன்லைனில் முகக் கண்ணாடியும் மூச்சுக்குழலும் வாங்கி வைத்திருந்தாள். கண்ணாடிக்குள் ஆவி படியாமல் இருக்க எச்சில் துப்பித் தேய்க்க வேண்டும் என்பதுவரை படித்திருந்தாள். இங்கே மூழ்கிப் பார்த்தால் என்ன தெரியும் என்று பயிற்சியாளரைக் கேட்டோம். “கையை நீட்டினால் முழங்கை தெரியும், விரல் தெரியாது. மணல் தரை, கலங்கிய தண்ணீர். காசு வாங்கிக்கொண்டு ஏமாற்ற மாட்டேன் பாப்பா” என்றார். அவள் நம்பாமல் தலையை உள்ளே விட்டுப் பார்த்துவிட்டு, “விரல் தெரியவில்லை” என்று ஒப்புக்கொண்டாள். பவளப்பாறை பார்க்க வேண்டும் என்றால் இராமேசுவரம், தூத்துக்குடிப் பக்கம் மன்னார் வளைகுடாவுக்குப் போக வேண்டும். அங்குள்ள 21 தீவுகளும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா, ஆகவே அங்கேயும் நினைத்த இடத்தில் குதித்துவிட முடியாது. வந்திருக்கக்கூடிய வருமானத்தை வேண்டாம் என்று சொன்னதற்காகக் குறைத்த நட்சத்திரத்தில் பாதியைத் திருப்பித் தருகிறேன்.

இனி குறைகள். உடை மாற்ற ஒரே ஓர் அறை, அதில் ஒரே குழாய், அதிலும் நூல் போலத் தண்ணீர். பெண் பிள்ளையோடு போகிறவர்கள் தங்கும் விடுதியிலேயே குளிப்பதுபோலத் திட்டமிடுங்கள். கரையில் ஒருவர் கேமராவோடு நின்று எங்களைப் படம் எடுத்துக்கொண்டே இருந்தார். இலவசம்போல என்று நான் பல்லைக் காட்டினேன். முடிந்த பிறகு 800 ரூபாய் கேட்டார்கள். முன்கூட்டியே சொல்லாத கட்டணம் எனக்குப் பிடிப்பதில்லை. பேரம் பேசி 500-க்கு வாங்கினேன். நாற்பது படங்களில் முப்பத்தெட்டில் நான் தண்ணீருக்குள் இருக்கிறேன்.

சாப்பாட்டைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. வறுத்த சங்கரா மீன் நன்றாக இருந்தது, பிரியாணியை ஆம்பூர்ப் பக்கத்திலிருந்து வந்த யாரும் கேட்காமல் இருப்பது நல்லது.

போகிறவர்கள் முழுக்கை பனியன் போட்டுக்கொள்ளுங்கள். பலகையில் படுத்துப் படுத்து என் வயிற்றுத் தோல் உரிந்து இரண்டு நாள் பெல்ட் கட்ட முடியவில்லை. சொறி மீன் (ஜெல்லி மீன்) மிதக்கிறதா என்று இறங்குவதற்கு முன் கேட்டுக்கொள்ளுங்கள். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கடல் முரடாக இருக்கும், முதல் பாடத்துக்கு அப்போது போகாதீர்கள்.

திங்கட்கிழமை காலை வழிபாட்டில் கீழே விழுந்த விசிலை எடுக்கக் குனிந்தேன். மூக்கிலிருந்து அரை டம்ளர் வங்கக் கடல் ஒன்பதாம் வகுப்பு வருகைப் பதிவேட்டின் மேல் கொட்டியது. முன்வரிசைப் பையன், “சார், சளியா?” என்று கேட்டான்.