நாய்க்குப் பொய்க்கால்: எந்தக் காலுக்கு வாங்கலாம், எதற்கு வேண்டாம்

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். முன்னங்காலில் மணிக்கட்டுக்குக் கீழே மட்டும் இழந்த, பதினைந்து கிலோவுக்கு மேல் எடையுள்ள நாய் என்றால் பொய்க்கால் வாங்குங்கள், காசு வீணாகாது. முழங்கைக்கு மேலே கால் எடுத்த நாய்க்கு யார் செய்து தருகிறேன் என்றாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். இடைப்பட்ட கேஸ்கள்தான் அதிகம். கீழே வருவதெல்லாம் அவற்றுக்காக.

இங்கே பார்ப்பது கூட்டுக்குள் காலை நுழைத்துப் பட்டையால் கட்டும் வெளிப்புறக் கால். அமெரிக்காவில் கொலராடோவின் ஆர்த்தோபெட்ஸ் நிறுவனமும் வர்ஜீனியாவில் டெரிக் கம்பானாவின் பட்டறையும் செய்வது இந்த வகை. ஜெய்ப்பூரில் கால்நடை மருத்துவர் தபேஷ் மாத்தூர் ‘கிருஷ்ணா லிம்ப்’ என்ற பெயரில் மாடு கன்றுகளுக்கு இலவசமாகப் பொருத்திவருவதும் இதே கூட்டு முறைதான். பொருள், விலை, வேலைப்பாடு வேறுபடும். தோற்றுப்போகும் காரணங்கள் மட்டும் எங்கும் ஒன்றே.

பெரிய காரணம் பொய்க்கால் செய்கிறவர் கையில் இல்லை, ஆபரேஷன் டேபிளில் இருக்கிறது. கால் எடுப்பதென்றால் முன்னங்காலைத் தோள்பட்டை எலும்போடு சேர்த்தும், பின்னங்காலைத் தொடையின் மேல்பாகத்திலும் எடுத்துவிடுவது வழக்கம். அதற்கு நியாயம் உண்டு. குட்டையாக ஒரு துண்டை விட்டுவைத்தால் நாய் அதை ஊன்றப் பார்க்கும், முனை புண்ணாகும், உள்ளிருந்து எலும்பு குத்தும். ஆனால் அப்படி எடுத்த பிறகு பொய்க்காலைக் கட்ட இடமே இல்லை. நாய்க்கு இடுப்பில் பெல்ட் போட்டு ஒரு கட்டையைத் தொங்கவிடலாம். அது பொய்க்கால் குதிரை ஆட்டத்துக்கு ஆகும், நடக்க ஆகாது.

ஆகவே ஆபரேஷனுக்கு முன்பே டாக்டரிடம், “பின்னால் செயற்கைக் கால் போடுகிற எண்ணம் இருக்கிறது, எவ்வளவு கீழே எடுக்க முடியும்?” என்று கேட்டுவிட வேண்டும். முன்னங்காலில் முழங்கைக்குக் கீழுள்ள எலும்பில் பாதியாவது மிஞ்ச வேண்டும். மணிக்கட்டு மூட்டும் மிஞ்சினால் யோகம்தான், ஏனென்றால் அந்த மூட்டின் புடைப்புதான் கூட்டை நழுவவிடாமல் பிடித்துக்கொள்ளும். பின்னங்காலில் அதே வேலையைக் குதிகால் மூட்டு செய்யும். தையல் தழும்பு மீதிக்காலின் நுனியில் விழாமல் முன்பக்கமோ பக்கவாட்டிலோ போக வேண்டும். அறுத்த எலும்பின் விளிம்பை அரத்தால் உருட்டிவிட வேண்டும். பாதத்தின் தடித்த தோல் கொஞ்சம் பிழைத்திருந்தால் அதை நுனிக்குக் கொண்டுவந்து தைத்தால் அதைவிட நல்ல மெத்தை கிடையாது. கேன்சருக்காக எடுக்கும்போது இந்தப் பேரத்துக்கு இடமில்லை. டாக்டர் சொல்லும் உயரத்தில் எடுத்தே ஆக வேண்டும்.

முன்னங்காலுக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம் என்றால் நாயின் எடையில் ஏறக்குறைய 60 சதவீதம் முன்பக்கம்தான் இறங்குகிறது. 30 கிலோ லேப்ரடார் நின்றால் ஒவ்வொரு முன்னங்காலிலும் 9 கிலோ, பின்னங்காலில் 6 கிலோ. முன்னங்கால் ஒன்று போனால் மற்றது அந்த 18 கிலோவின் பெரும்பங்கைத் தனியாகச் சுமக்கிறது. ஒவ்வொரு எட்டிலும் தலையைத் தூக்கிக் குதித்துத்தான் நகர முடியும். மணிக்கட்டு சரிவதும் தோள் வீங்குவதும் சில வருடத்தில் வரும். ஆறு கிலோ பொமரேனியனுக்கு இந்தக் கணக்கு அவ்வளவு கடுமையில்லை. சின்ன நாய், அதிலும் பின்னங்கால் போனது என்றால் மூன்று காலில் விட்டுவிடுவதே பெரும்பாலும் சரி. பூனைக்கு வெளிப்புறக் கால் வாங்குவதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. கழற்றி எறிவதில் அதற்கு இணை அதுதான்.

இன்னொரு கேஸில் கவனம் தேவை. பைக் மோதி முன்னங்கால் அப்படியே தொங்கிப்போன நாயைக் கொண்டுவந்து, “கால் இருக்கிறது, மேலே ஒரு கவசம் போட்டால் நடக்காதா?” என்று கேட்பார்கள். தோளடி நரம்புக்கற்றை பிய்ந்திருந்தால் முழங்கையை நீட்டி நிறுத்தும் தசைக்கே உயிர் இருக்காது, கவசம் போட்டாலும் நாய் மடிந்து விழும். காலில் உணர்ச்சி இருக்கிறதா என்று விரலை இடுக்கியால் அழுத்திப் பார்ப்பார்கள். கால் சுருங்கினால் மட்டும் போதாது, அது வெறும் அனிச்சை. நாய் திரும்பிப் பார்க்க வேண்டும், கத்த வேண்டும், கடிக்க வர வேண்டும். உணர்ச்சியில்லாத காலில் கூட்டைக் கட்டினால் புண் எலும்புவரை போனாலும் நாய்க்குத் தெரியாது.

பொருளின் தரத்தில் பாதி அச்செடுப்பதில் அடங்கியிருக்கிறது. வெளியூருக்கு அச்சை அனுப்பிக் கால் வரவழைப்பதானால் அந்தப் பாதி உங்கள் ஊர் டாக்டர் கையில். நாய்க்கு லேசாக மயக்க ஊசி போட்டுப் பக்கவாட்டில் படுக்கவைத்து, மீதிக்கால்மேல் ஸ்டாக்கினெட் என்ற மெல்லிய பின்னல் துணி உறையை மாட்டுவார்கள். எலும்பு துருத்தும் இடங்களை, அதாவது முழங்கை முனை, மணிக்கட்டின் பின்புடைப்பு, மீதிக்காலின் நுனி ஆகியவற்றை, ஈரத்தில் மை விடும் பென்சிலால் வட்டமிட வேண்டும். அந்த வட்டம் அச்சின் உள்பக்கம் பதிந்துவிடும். முன்பக்கம் நெடுக ஒரு ஐ.வி. டியூபை வைத்து அதன்மேல் இரண்டு அங்குல ஃபைபர்கிளாஸ் கட்டுத்துணியைத் தண்ணீரில் நனைத்து இரண்டு மூன்று அடுக்கு சுற்றுவார்கள். ஐந்து நிமிடத்துக்குள் இறுகிவிடும். வெந்நீரில் நனைத்தால் இன்னும் சீக்கிரம் இறுகும், அதனால் கைப்பழக்கம் இல்லாதவர் சாதா தண்ணீரையே வைத்துக்கொள்ளட்டும். பிறகு டியூப் போட்ட கோட்டில் வெட்டிக் கழற்றி, திறந்த விளிம்பை மறுபடி டேப்பால் ஒட்டினால் அச்சு தயார்.

தப்பு நடப்பது அந்த ஐந்து நிமிடத்தில். மயக்கத்தில் கால் துவண்டு கிடக்கும்; நிற்கும்போது மூட்டு எந்தக் கோணத்தில் இருக்குமோ அப்படி ஒருவர் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். பிடிக்கிறவர் விரல் நுனியால் அழுத்தினால் குழி விழும். அந்தக் குழி பிளாஸ்டிக் கூட்டுக்குள் ஒரு மேடாக மாறி, போட்ட மூன்றாம் நாள் அதே இடத்தில் தோலைத் தின்னும். உள்ளங்கையால் தடவிக்கொண்டே பிடிப்பதுதான் முறை. அச்சோடு அனுப்ப வேண்டியவை: நாயின் எடை, மீதிக்காலின் சுற்றளவு இரண்டு சென்டிமீட்டருக்கு ஒரு முறை, நல்ல காலில் தரையிலிருந்து முழங்கைவரை உயரம் (நிற்கவைத்து அளந்தது, படுத்திருக்கும்போது அல்ல), நாய் நடந்து வருவதும் போவதும் பக்கவாட்டில் போவதுமாக வீடியோ.

பட்டறையில் இந்த அச்சுக்குள் பிளாஸ்டர் ஊற்றிக் காலின் பிரதி எடுப்பார்கள். பென்சில் வட்டம் பதிந்த இடங்களில் பிளாஸ்டரைப் பூசி உயர்த்தி, சதைப்பற்றான இடங்களில் செதுக்கிக் குறைப்பார்கள். எடை சதையில் இறங்கி, எலும்பு முனையில் இறங்காமல் இருக்க இதுதான் வழி. அதன்மேல் ஃபோம், அதற்குமேல் அடுப்பில் இளக்கிய பாலிப்ரொப்பிலீன் பிளாஸ்டிக் தகடு. காற்றை உறிஞ்சினால் தகடு அச்சோடு ஒட்டிப்படியும். ஜெய்ப்பூர் கால் என்று மனிதர்களுக்குச் செய்வதில் இதே வேலையை ஹெச்.டி.பி.ஈ. என்ற கெட்டிப் பிளாஸ்டிக் குழாயை இளக்கிச் செய்கிறார்கள். பிறகு விளிம்பு வெட்டி, பட்டை அடித்து, அடியில் ரப்பர் பாதம்.

வந்த பொருளை எப்படிச் சோதிப்பது? மீதிக்காலின் நுனியில் லிப்ஸ்டிக் தடவிக் கூட்டை மாட்டி, நாயைப் பத்து எட்டு வைத்து நடக்கவிட்டுக் கழற்றுங்கள். கூட்டின் அடியில் நிறம் அப்பியிருந்தால் நாய் நுனியிலேயே நிற்கிறது, திருப்பி அனுப்ப வேண்டும். லேசாகத் தொட்டிருந்தால் சரி. கூட்டுக்கும் காலுக்கும் நடுவே சுண்டுவிரல் தாராளமாகப் போனாலும் தப்பு. நடையைப் பாருங்கள்: காலை வெளியே வட்டமடித்து வீசினால் பொய்க்கால் நீளம் அதிகம், ஊன்றும்போது தோள் அந்தப் பக்கம் சரிந்தால் ரொம்பக் குட்டை. முன்பக்கம் நோக்க வேண்டிய பாதம் நாலு எட்டில் பக்கவாட்டில் திரும்பினால் கூடு சுழல்கிறது. பட்டையை இறுக்கி இதைச் சரிசெய்ய முடியாது, இறுக்கினால் வீக்கம்தான் வரும்.

பழக்குவதில் அவசரம் ஆகாது. முதல் மூன்று நாள் காலை, மாலை கால் மணி நேரம். பிறகு மூன்று நாளைக்கு ஒரு முறை கால் மணி, அரை மணி என்று கூட்டி, நான்கு வாரத்தில் பகல் முழுக்கப் போடும் அளவுக்கு வரலாம். இரவில் கழற்றிவிட வேண்டும். கழற்றியதும் தோலைப் பாருங்கள். சிவந்த தடம் இருபது நிமிடத்தில் மறைந்தால் பரவாயில்லை; அரை மணி ஆகியும் நின்றால் அந்த இடத்தில் ஃபோமைக் குடைய வேண்டும். முடி உதிர்ந்து தோல் மினுமினுத்தால் புண்ணுக்கு முந்தைய படி. கறுப்பு நாயில் சிவப்பு தெரியாது. கைவைத்துச் சூடு பார்ப்பதுதான் வழி. ராஜபாளையம், சிப்பிப்பாறை மாதிரி மெலிந்த, மெல்லிய தோல் நாய்களுக்கு இந்தப் புண் லேப்ரடாரைவிடச் சீக்கிரம் வரும். எலும்புக்கும் தோலுக்கும் நடுவே மெத்தென்று எதுவும் இல்லை.

நம் ஊர் தட்பவெப்பத்துக்கு இந்தப் பொருள் முழுக்கப் பொருந்தாது என்பதையும் சொல்ல வேண்டும். மூடிய ஃபோமுக்குள் மழைக்காலத்தில் ஈரம் தங்கினால் இரண்டு நாளில் புளித்த வாடை, நான்காம் நாள் பூஞ்சை. தினமும் மிதமான சோப்புத் தண்ணீரில் துடைத்து நிழலில் காயவைக்க வேண்டும். இரண்டு மெல்லிய பருத்தி உறை வாங்கி மாற்றி மாற்றிப் போடுவது கூடுதல் செலவு என்றாலும் தவிர்க்க முடியாதது. வெயிலில் நிறுத்திய காருக்குள் வைத்தால் பிளாஸ்டிக்குக்கு ஒன்றும் ஆகாது, பசை விட்டு ஃபோம் கழன்று வரும். ஃபோமுக்கும் பிளாஸ்டிக் கூட்டுக்கும் நடுவே உண்ணி போய் உட்காரும். வாரம் ஒரு முறை டார்ச் அடித்துப் பாருங்கள். வெல்க்ரோவில் முடி அடைத்தால் பிடி போய்விடும். பேன் சீப்பால் இழுத்தால் வந்துவிடும். மொசைக் தரையிலும் டைல்ஸிலும் ரப்பர் பாதம் வழுக்குகிறது. பழகும் வாரங்களில் சாக்கு விரித்து அதன்மேல் நடக்கவையுங்கள்.

வளரும் குட்டிக்கு ஒரே காலை வாங்கி ஓட்ட முடியாது. தாய்லாந்தில் லம்பாங் யானை மருத்துவமனையில் உள்ள மோஷா என்ற யானை ஏழு மாதக் குட்டியாகக் கண்ணிவெடியில் காலை இழந்தவள். அவள் வளர வளரக் காலை மாற்றி மாற்றிச் செய்ய வேண்டியிருந்தது. நாய்க்குட்டிக்கும் அதே விதிதான். பெரிய ஜாதி என்றால் ஒரு வயது தாண்டட்டும். வளர்ந்த நாயிலும் முதல் ஆறு மாதத்தில் மீதிக்காலின் தசை வற்றிக் கூடு தளரும். உறையை இரட்டிப்பாக்கிச் சமாளிக்கலாம், மூன்று உறை தேவைப்பட்டால் புது அச்சு.

இணையத்தில் பார்த்து வீட்டில் பி.வி.சி. குழாயில் செய்பவர்களுக்கு ஒரு வார்த்தை. குழாய் உருண்டை, நாயின் கால் நீள்வட்டம். அதனால் சுழன்றே தீரும். வெட்டிய விளிம்பு முழங்கை மடிப்பில் அறுக்கும். இரண்டு நாள் வீடியோ எடுக்க அது போதும், அவ்வளவுதான்.

மாட்டுக்குச் செய்வது தனி வித்தை. மாடு எழும்போது முன்முட்டி இரண்டையும் மண்டியிட்டு, பின்பக்கத்தை முதலில் தூக்கும். முன்னங்கால் கூடு முட்டியை மடக்கவிடாவிட்டால் மாடு படுத்தால் எழுந்திருக்காது. ஜெய்ப்பூர் பணியை நாங்கள் மதிப்பது இதனால்தான். முந்நூறு கிலோவையும் சாணி ஈரத்தையும் தாங்குகிற மாதிரி செய்வது நாய்க்குச் செய்வதைவிடக் கடினம்.

எலும்புக்குள் உலோகத் தண்டை இறக்கி, தோலைத் துளைத்து வெளியே கொண்டுவரும் முறையும் உண்டு. இங்கிலாந்தில் கால்நடை மருத்துவர் நோயல் ஃபிட்ஸ்பாட்ரிக் 2009-ல் ஆஸ்கர் என்ற பூனைக்கு இரண்டு பின்னங்கால்களிலும் இதைச் செய்தார். மான் கொம்பு தோலைத் துளைத்து வெளிவந்தும் சீழ் பிடிக்காமல் இருப்பதைப் பார்த்து லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் உருவாக்கிய உத்தி அது. புண், பட்டை, கூடு என்ற தொல்லையே இல்லை. ஆனால் தோலும் உலோகமும் சேரும் இடத்தில் கிருமி புகுந்தால் நேராக எலும்புக்குப் போகும். முதல் முயற்சியாகவே இந்த முறைக்குப் போகாதீர்கள்.

செலவு: அமெரிக்கப் பட்டறைகளில் ஆயிரம் டாலருக்கு மேல் ஆகும், அனுப்பும் செலவும் சுங்கமும் தனி, திருத்தத்துக்கு அனுப்பினால் மறுபடி அதே செலவு. இங்கே மனிதர்களுக்குச் செயற்கைக் கால் செய்யும் பட்டறைகளிலும் அதே அடுப்பு, அதே தகடு, அதே ஃபோம் இருக்கின்றன. கால்நடை மருத்துவர் ஒருவரை அங்கே அழைத்துச் சென்று இருவரையும் ஒன்றாக உட்காரவைக்க முடிந்தால், நேரில் வைத்து மூன்று முறை திருத்தி வாங்கும் உள்ளூர்க் காலே நல்லது. நாயின் நடை வீடியோவில் தெரிவதைவிட நேரில்தான் தெரியும். அடி ரப்பர் தேயும்போது பட்டறைக்குப் போகவே வேண்டாம். பழைய ரப்பரைச் சுரண்டி எடுத்து, அதே கனத்தில் செருப்பு அடி ரப்பரை வெட்டி ஒட்டித் தரச் செருப்புத் தைப்பவர் போதும். கனம் மட்டும் அரை சென்டிமீட்டர்கூட மாறக் கூடாது.