சஃபாரியா, எக்ஸ்யூவி700-ஆ? நடு வரிசையில் யார் உட்காரப்போகிறார்கள்?

2023 அக்டோபரில் டாடா சஃபாரிக்குப் புது முகம் வைத்தார்கள். முன்பக்கம் முழுக்க ஓடும் விளக்குக் கோடு, 12.3 அங்குலத் திரை, லோகோ ஒளிரும் ஸ்டீயரிங் என ஷோரூமில் காட்ட நிறைய இருக்கிறது. பானெட்டுக்குள் மட்டும் பழைய ஆள்தான்: அதே 2.0 லிட்டர் டீசல், 170 பிஎஸ் பவர், 350 நியூட்டன் மீட்டர் டார்க் (இழுக்கும் பலம்). எதிரில் நிற்கும் மஹிந்திரா எக்ஸ்யூவி700 2021-லேயே வந்த வண்டி. ஆனால் அதன் 2.2 லிட்டர் டீசல் ஆட்டோமேட்டிக்கில் 185 பிஎஸ், 450 நியூட்டன் மீட்டர். ஓட்டுபவரைக் கேட்டால் போட்டி இங்கேயே முடிந்தது. ஆனால் ஏழு சீட்டில் அவர் உட்காருவது ஒன்றில்தானே!

அந்த 100 நியூட்டன் மீட்டர் வித்தியாசம் நாற்கரச் சாலையில் பெரிதாகத் தெரியாது. வண்டி நிறைய ஆளும் பையும் ஏற்றி, ஏசி போட்டு, கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறினால் தெரியும். சஃபாரியும் ஏறிவிடும். ஆனால் வளைவு திரும்பியதும் கியர் இறங்கி, இன்ஜின் கொஞ்சம் கத்தி, அப்புறம்தான் பிக்கப் வரும். எக்ஸ்யூவி அந்த நேரத்தில் முன்னால் போகும் லாரியைத் தாண்டியிருக்கும். போதாததற்கு 200 பிஎஸ் பெட்ரோலும், டீசல் ஆட்டோமேட்டிக்கில் நான்கு சக்கரத்துக்கும் பவர் போகும் ஆல் வீல் டிரைவும் எக்ஸ்யூவியில் உண்டு. சஃபாரிக்கு முன்சக்கர இழுவை மட்டும்தான்.

புது சஃபாரியில் உருப்படியாக மாறியது ஸ்டீயரிங். முன்பிருந்த ஹைட்ராலிக் போய் எலெக்ட்ரிக் வந்திருக்கிறது. தி.நகர் சந்துகளில் திருப்பி நிறுத்தும்போது தோள்பட்டை வலிக்காது. இதற்கு நேர்மாறான வேலையை ஏசி பலகையில் செய்திருக்கிறார்கள். நிஜ பட்டன்களில் பலவற்றை எடுத்துவிட்டுப் பளபளப்பான தொடுபலகை. ஓட்டிக்கொண்டே விரலால் தடவினால் எது எதென்று பிடிபடாது, கண் சாலையை விட்டு இறங்கியே ஆகவேண்டும். ரேகை வேறு படியும். எக்ஸ்யூவியில் திரைக்குக் கீழே அழுத்தும் பட்டன்கள் இருக்கின்றன. சீட்டை நகர்த்தும் சுவிட்சுகளும் கதவிலேயே கண்ணெதிரே இருப்பதால், சீட்டுக்கும் கதவுக்கும் நடுவே கையை விட்டுத் துழாவ வேண்டாம்.

ஆனால் பின்னால் போய் உட்கார்ந்ததும் கதை மாறுகிறது. ஆறு சீட் சஃபாரியின் உயர் வேரியண்ட்டில் நடு வரிசை சீட்டுக்கு உள்ளிருந்தும் காற்று வருகிறது. மே மாத வெயிலில் நிறுத்திய வண்டியில் ஏறியவர்களுக்குத்தான் இதன் அருமை தெரியும். எக்ஸ்யூவியில் இந்த வசதி 2024-ல்தான் வந்தது, அதுவும் முன் சீட்டுக்கு மட்டும். சஃபாரியின் மூன்றாம் வரிசையில் பெரியவர்களும் ஓரளவு உட்காரலாம். எக்ஸ்யூவியில் முழங்கால் நெஞ்சுக்கு வரும், பிள்ளைகளுக்குத்தான் சரி. மூன்று வரிசையையும் நிமிர்த்தினால் இரண்டிலும் பெட்டி வைக்க இடமில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

குண்டுகுழியில் மெதுவாகப் போகும்போது எக்ஸ்யூவி கொஞ்சம் மெத்தென்று இறங்குகிறது. சஃபாரியின் உயர் வேரியண்ட்டில் 19 அங்குலச் சக்கரம் என்பதால் சின்னப் பள்ளமும் உள்ளே கேட்கும். வேகம் கூடினால் சஃபாரி ஆடாமல் கல் மாதிரி உறுதியாகப் போகிறது.

தானே ஓட்டி, மலையும் நெடுஞ்சாலையுமாகச் சுற்றுபவர் எக்ஸ்யூவி டீசலை எடுக்கலாம். அப்பா அம்மாவை நடு வரிசையில் உட்காரவைத்து அடிக்கடி ஊருக்குப் போகிறவருக்கு என் ஓட்டு சஃபாரிக்கு. பழைய சஃபாரியை வைத்திருப்பவர் கூடுதல் பவர் கிடைக்கும் என்று எக்ஸ்சேஞ்சில் போட வேண்டாம். அது வரவே இல்லை.