67 என்று தட்டினால் மெட்ராஸ்: ஜேபிஎல் சிறுகோள் தேடல் சேவை

நாசாவின் ஜேபிஎல் ஆய்வகம் நடத்தும் 'ஸ்மால்-பாடி டேட்டாபேஸ் லுக்அப்' என்ற சிறுகோள் தேடல் தளம் முழுக்க இலவசம். கணக்குத் தொடங்க வேண்டாம், பாஸ்வேர்டு வேண்டாம். பதினொன்றாம் வகுப்புக்கு இயற்பியல் எடுக்கிறேன். கெப்ளர் விதிகள் வரும்போதெல்லாம் எனக்கு இதுதான் துணை.

பிள்ளைகளை முதலில் 67 என்று தட்டச் சொல்வேன். வருவது அந்த எண் கொண்ட சிறுகோள் 'ஆசியா'. சூரியனிலிருந்து சராசரியாக 2.42 வானியல் அலகு (பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள சராசரித் தூரம் ஓர் அலகு), ஒரு சுற்றுக்கு 3.77 ஆண்டு. கெப்ளரின் மூன்றாம் விதிப்படி 2.42-இன் கனத்துக்கு வர்க்கமூலம் எடுத்தால் கிட்டத்தட்ட அதே 3.77 வந்துவிடும். பாடப்புத்தகத்தின் செவ்வாய்க் கணக்கைவிட இதற்குத்தான் வகுப்பில் சத்தம் அதிகம். கண்டுபிடிப்பு விவரத்தைத் திறந்தால் காரணம் தெரியும்: 1861 ஏப்ரல் 17, போக்சன், மெட்ராஸ். நுங்கம்பாக்கம் வானாய்வகத்தில் வானியலாளர் நார்மன் போக்சன் கண்டது. ஆசியக் கண்டத்திலிருந்து கண்டுபிடிக்கப்பட்ட முதல் சிறுகோள், அதனால்தான் அந்தப் பெயர். அங்கிருந்தே அவர் பிறகு கண்ட சாஃபோ (80), சில்வியா (87), கமில்லா (107), வேரா (245) எல்லாம் இதில் கிடைக்கும். கதையை மட்டும் எதிர்பார்க்காதீர்கள். தளம் தருவது ஒரு வரி, மிச்சம் வாத்தியார் பொறுப்பு.

எனக்கு மிகவும் பிடித்தது, சுற்றுப்பாதையின் ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் போட்டிருக்கும் பிழை அளவு. 160 ஆண்டுக்கு மேல் பார்த்துப் பார்த்துக் கணித்த பாதை என்பதால், ஆசியாவின் பிழை தசமப் புள்ளிக்கு வெகுதூரம் தள்ளிக் கிடக்கிறது. புதிதாகக் கண்டுபிடித்து, சில நாள் மட்டுமே பின்தொடர்ந்த சிறுகோள் ஒன்றையும் தட்டி, பிழை எவ்வளவு பெரிது என்று பாருங்கள். அளவீடு என்றால் என்ன என்று தனியாகப் பாடம் நடத்தத் தேவையில்லை.

சுற்றுப்பாதைப் படம் அழகு. ஆசியா சூரியனை 1.97 அலகு வரை நெருங்கி, 2.87 வரை விலகுவது பார்த்தவுடன் புரியும். சாய்த்துப் பார்த்தால் பாதையின் 6 டிகிரி சரிவும் தெரியும். ஒன்று கவனிக்க வேண்டும்: படம் சூரியன், சிறுகோள் இரண்டை மட்டும் வைத்துக் கணக்கிடுகிறது, வியாழனின் இழுப்பு அதில் சேராது. 1861 வரை பின்னோக்கி ஓட்டிவிட்டு 'அன்றைக்கு இங்கேதான் இருந்தது' என்று சொல்லிவிடக் கூடாது. அதற்கு, எந்த நாளில் எங்கே இருந்தது என்று கணித்துத் தரும் அதே ஆய்வகத்தின் 'ஹொரைசன்ஸ்' சேவை இருக்கிறது. கொஞ்சம் முரட்டு இடைமுகம், ஆனால் துல்லியம்.

ஆராய்ச்சியாளர்களுக்காகச் செய்தது என்பதால் எல்லாம் ஆங்கிலக் கலைச்சொல்தான். மையவிலகல், சாய்வு போன்ற நாலைந்து சொற்களைப் பலகையில் முதலிலேயே எழுதிப் போட்டுவிடுங்கள். அப்புறம், அட்டவணை அகலமானது. செல்போனைவிட லேப்டாப்பில் திறப்பது நல்லது.