ஆறு ஆண்டுகள் மெட்டல் டிடெக்டருடன்: திரையில் தெரியும் எண்ணும் காதில் விழும் ஒலியும்

மண்ணுக்குள் புதைந்து கிடக்கும் பழைய பொருட்களைத் தேடும் பொழுதுபோக்கில் நான் இறங்கி ஆறு ஆண்டுகள் நிறைவடைந்துவிட்டன. முதல் மூன்று ஆண்டுகள் ஒரே அதிர்வெண்ணில், அதாவது 7 கிலோஹெர்ட்ஸ் அளவில் இயங்கும் எளிய மெட்டல் டிடெக்டர் ஒன்றைப் பயன்படுத்தினேன். அதன் பிறகு இன்றுவரை, ஒரே நேரத்தில் பல அதிர்வெண்களில் இயங்கும் கருவி ஒன்று என் கையில் இருக்கிறது. வாங்கிய சூட்டோடு எழுதப்படும் மதிப்புரைகள் எவ்வளவு ஆழம் போகும், எவ்வளவு எடை இருக்கும், திரை எவ்வளவு தெளிவாகத் தெரியும் என்பவற்றையே பெரும்பாலும் பேசுகின்றன. அவையும் தேவைதான். ஆனால் இந்த ஆறு ஆண்டுகளில் என் தேடலை அடியோடு மாற்றியது, திரையில் தோன்றும் எண்ணைப் பார்த்துத் தோண்டும் பழக்கத்தை விட்டுவிட்டு, ஹெட்போனில் கேட்கும் ஒலியை நம்பித் தோண்டப் பழகிக்கொண்டதுதான்.

கருவி எப்படி வேலை செய்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால் அந்த எண்ணுக்கு எவ்வளவு மதிப்புக் கொடுக்கலாம் என்பது தானாகவே விளங்கிவிடும். கருவித் தண்டின் அடியில் உள்ள காயிலில், அதாவது கம்பிச் சுருளில், பாயும் மாறுதிசை மின்னோட்டம் மண்ணுக்குள் ஒரு காந்தப்புலத்தைச் செலுத்துகிறது. அந்தப் புலம் உலோகத்தில் சுழல் மின்னோட்டங்களை உண்டாக்க, அவை தம் பங்குக்கு ஒரு சிறிய காந்தப்புலத்தை எழுப்புகின்றன. அந்த மறுபுலம் எவ்வளவு தாமதமாகத் திரும்பி வருகிறது என்பதை அளந்து, பொருளின் மின்கடத்து திறன் இவ்வளவு இருக்கலாம் என்று கருவி கணிக்கிறது. திரையில் வரும் எண் அந்தக் கணிப்பே ஒழிய உலோகத்தின் பெயர் இல்லை. வெள்ளிக் காசு ஒன்று நேராகப் படுத்துக் கிடந்தால் உயர்ந்த எண் வரும். அதே காசு மண்ணில் செங்குத்தாக நின்றால் எண் தடுமாறும். குளிர்பான டப்பாவின் அலுமினிய வளையமும் மெல்லிய தங்க மோதிரமும் ஏறத்தாழ ஒரே எண்ணைக் காட்டுவது இந்தப் பொழுதுபோக்கில் எல்லோரும் பட்டறியும் உண்மை. வளையங்களைத் தவிர்ப்பதற்காக அந்த எண்களை ஒதுக்கிவைப்பவர், மோதிரங்களையும் சேர்த்தே ஒதுக்கிவைக்கிறார்.

இதை நான் முழுமையாக உணர்ந்தது மூன்றாம் ஆண்டின் இறுதியில், முன்பே பலமுறை நடந்து முடித்திருந்த ஓர் உழுத நிலத்தில். இரும்புக்குரிய கரகரத்த தாழ்ந்த ஒலிக்கு நடுவே, நூலிழை போன்ற ஓர் உயர்ந்த ஒலி ஒருமுறை எட்டிப் பார்த்து மறைந்தது. திரையில் எண் நிலைகொள்ளவில்லை. இரும்பு என்றும் பித்தளை என்றும் மாறி மாறிக் காட்டியது. முந்தைய ஆண்டாக இருந்தால் நகர்ந்திருப்பேன். அன்று நின்று, காயிலை மிக மெதுவாக, கையகல தூரத்துக்குள் மட்டும் அசைத்துப் பார்த்தேன். பிறகு தொண்ணூறு பாகை திரும்பி நின்று அதே இடத்தை மீண்டும் கடந்தேன். ஒரு திசையில் அந்த உயர்ந்த ஒலி ஒவ்வொரு முறையும் வந்தது; மறு திசையில் அறவே வரவில்லை. ஒரு சாண் ஆழத்தில் முதலில் கிடைத்தது துருவேறி விரல் பருமனுக்கு ஊதியிருந்த ஓர் ஆணி. அதற்கு நான்கு விரற்கடை தள்ளி, தைக்கும்போது ஊசி குத்தாமல் இருக்க விரல் நுனியில் மாட்டிக்கொள்ளும் பித்தளைக் குப்பி ஒன்று, ஒரு பக்கம் நசுங்கி, உள்ளே மண் இறுகி, கிடந்தது. ஊசியின் தலை வழுக்காமல் நிற்பதற்காக அடிக்கப்பட்டிருந்த சிறு குழிகள் வரிசை வரிசையாக அப்படியே இருந்தன. உச்சியில் மட்டும், தள்ளித் தள்ளித் தேய்ந்த இடத்தில், இரண்டு குழிகள் துளைகளாகவே மாறியிருந்தன. யாரோ ஒருவருடைய விரல் பல ஆண்டுகள் உழைத்த தடம் அது. எனக்குக் கிடைத்தவற்றிலேயே நான் மிகவும் போற்றுவது இன்றும் அதைத்தான்.

அருகிலுள்ள இரும்பு நல்ல பொருளை மறைத்துவிடும் இந்தச் சிக்கல் கருவி பிறந்த காலத்திலிருந்தே இருந்து வருகிறது. 1881-இல் சுடப்பட்ட அமெரிக்க அதிபர் கார்ஃபீல்டின் உடலில் தங்கிய குண்டைத் தேட அலெக்சாண்டர் கிரகாம் பெல் ஒரு மின்காந்தக் கருவியை அமைத்தார், குண்டு அகப்படவில்லை. படுக்கையில் இருந்த எஃகுக் கம்பிகள் கருவியைக் குழப்பியது அதற்கு ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. ஆணிகள் நிறைந்த நிலத்தில் நடக்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் படுக்கை நினைவுக்கு வரும். இதற்கு எனக்குப் பயன்பட்ட தீர்வுகள் இரண்டே. கருவியோடு வந்த 11 அங்குலக் காயிலைக் கழற்றிவிட்டு 6 அங்குலக் காயிலை மாட்டினேன்; ஆழம் குறைந்தாலும், அடுத்தடுத்துக் கிடக்கும் இரண்டு பொருட்களை அது பிரித்துக் காட்டுகிறது. இரும்பை ஒலிக்காமல் தடுக்கும் டிஸ்கிரிமினேஷன் அமைப்பை முழுவதுமாக அணைத்துவிட்டு, இரும்பின் ஒலியையும் கேட்டுக்கொண்டே நடக்கிறேன். முதல் சில வாரங்கள் அந்த இரைச்சல் களைப்பைத் தரும் என்பது உண்மைதான். பழகிய பிறகு, ஆணிகள் எங்கே அடர்ந்து ஒலிக்கின்றனவோ அங்கே ஒருகாலத்தில் வீடோ கொட்டகையோ இருந்திருக்கலாம் என்பதை அந்த இரைச்சலே சொல்லத் தொடங்கும்.

ஆழத்தைப் பற்றி விளம்பரங்கள் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். காயிலின் அளவை ஒப்பிடத் தொலைவில் உள்ள ஒரு சிறு பொருளின் மறுமொழி, தூரத்தின் ஆறாம் அடுக்குக்கு ஏற்பக் குறைகிறது. அதாவது தூரம் இரு மடங்கானால் திரும்பி வரும் சிக்னல் 64-இல் ஒரு பங்காகிவிடும். என் அனுபவத்தில் காசு அளவுள்ள பொருட்களில் பெரும்பாலானவை 15 சென்டிமீட்டருக்குள்ளேயே கிடைத்தன; 25 சென்டிமீட்டரைத் தாண்டியவை மிகச் சில. இரும்புத் தாது கலந்த செம்மண்ணில் இதுவும் குறையும், ஏனெனில் அங்கே மண்ணே கருவிக்கு மறுமொழி தருகிறது. காயிலை மண்ணுக்கு மேல் ஏற்றி இறக்கி, மண்ணின் மறுமொழியைக் கருவி கழித்துவிடும்படி சரிசெய்யும் கிரவுண்ட் பேலன்ஸ் வேலையை, நிலத்தின் நிறமோ ஈரமோ மாறும் ஒவ்வொரு இடத்திலும் மறுபடி செய்ய வேண்டும். உப்பு ஊறிய ஈர மணலில் என் பழைய கருவி ஓயாமல் அலறியது. பல அதிர்வெண் கருவி அங்கே அமைதியாக வேலை செய்கிறது. இரண்டாவது கருவிக்கு மாறியதன் முழுப் பயனை நான் கண்டது அங்கேதான். காய்ந்த உள்நிலத்தில், இரும்பு குறைவான இடத்தில், இரண்டுக்கும் இடையே பெரிய வேறுபாட்டை நான் காணவில்லை.

நீண்ட காலப் பயன்பாட்டில் வெளிப்பட்ட குறைகளையும் சொல்லிவிடுகிறேன். இரண்டாவது கருவியின் காயிலுக்குள் கம்பி நுழையும் இடம், ஓயாத அசைவினால் இரண்டாம் ஆண்டிலேயே உள்ளுக்குள் அறுந்துபோயிற்று. காரணமில்லாமல் ஒலி வந்துகொண்டே இருந்ததால், மண்ணில்தான் ஏதோ இருக்கிறது என்று எண்ணி இரண்டு நாட்களை வீணாக்கிய பிறகே அதைக் கண்டுபிடித்தேன். இப்போது கம்பியைத் தண்டில் இறுக்கிச் சுற்றாமல், காயிலின் அருகே சிறிது தளர்வு விட்டுக் கட்டுகிறேன். காயிலின் அடியில் மாட்டும் பிளாஸ்டிக் மூடிக்குள் மண் புகுந்தாலும் இத்தகைய பொய் ஒலிகள் வரும். வீடு திரும்பியதும் அதைக் கழற்றிக் கழுவுவது நல்லது. எடை 1.4 கிலோதான் என்றாலும் நான்கு மணி நேரம் வீசினால் தோள் கேட்காது, ஆகவே இடக்கைக்கும் பழகிக்கொண்டேன். கையடக்கமான பின்பாயின்டரைப் பிற்பாடு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட வேண்டாம். குழிக்குள் பொருள் எந்தப் பக்கம் இருக்கிறது என்று அது காட்டிவிடுவதால், மண்வெட்டி பொருளின் மேல் விழுவது குறைகிறது.

மண்வெட்டியைவிட அதிகக் கேடு செய்தது என் கட்டைவிரல். முதல் ஆண்டில் கிடைத்த ஒரு செப்புக் காசை, எழுத்தைப் பார்க்கும் ஆவலில், ஈர விரலால் அங்கேயே தேய்த்தேன். செம்பு மண்ணில் கிடக்கும்போது அதன் மேல் படியும் பச்சைப் படலத்தில்தான் எழுத்தின் விளிம்புகள் தங்கியிருக்கும் என்பது எனக்கு அப்போது தெரியாது. படலம் மண்ணோடு உரிந்து வந்தது. காசு மழமழவென்று ஆகிவிட்டது. அதை எண்ணும்போது இன்றும் மனம் வருந்துகிறது. இப்போது எதையும் மண்ணோடு சேர்த்தே சிறு டப்பாவில் வைத்து, பஞ்சு கொடுத்து எடுத்து வருகிறேன். காய்ச்சி வடித்த நீரில் ஊறவைப்பதற்கு மேல் எதையும் செய்வதில்லை.

நில உரிமையாளரின் எழுத்துப்பூர்வமான அனுமதி இல்லாமல் எந்த நிலத்திலும் நான் கால் வைப்பதில்லை. பாதுகாக்கப்பட்ட தொல்லியல் இடங்களுக்கு அருகே கருவியைக் காரிலிருந்துகூட இறக்குவதில்லை. சட்டம் நாட்டுக்கு நாடு மாறுகிறது, சில நாடுகளில் உரிமம் இல்லாமல் தேடுவதே குற்றம் என்பதால், கருவி வாங்குவதற்கு முன்பே அதைப் படித்துவிட வேண்டும். வெடிபொருள் போன்ற எதுவும் தென்பட்டால் தொடாமல் விலகிக் காவல்துறைக்குச் சொல்ல வேண்டும். உழவு எட்டும் ஆழத்துக்குக் கீழே எதையும் நான் தோண்டுவதில்லை. மேல்மண்ணில் பொருட்கள் ஏற்கெனவே இடம் மாறிக் கிடக்கின்றன. அதற்குக் கீழே, ஒரு பொருள் எதன் அருகில், எந்த அடுக்கில் இருக்கிறது என்பதே அதன் பாதி வரலாறு.

1992 நவம்பரில் இங்கிலாந்தின் ஹாக்ஸ்ன் என்ற ஊரில், எரிக் லாஸ் என்பவர் விவசாயி ஒருவர் தொலைத்த சுத்தியலைத் தேடப்போய் ரோமானியக் காலப் புதையல் ஒன்றைக் கண்டார். சிறிது எடுத்ததுமே அதன் பெருமையை உணர்ந்து, தோண்டுவதை நிறுத்திவிட்டுத் தகவல் கொடுத்தார். தொல்லியலாளர்கள் வந்து முறையாகத் தோண்டியதனால்தான், ஏறத்தாழ 15,000 காசுகளோடு, அவை வைக்கப்பட்டிருந்த மரப்பெட்டியின் தடயங்களும், உள்ளே எது எங்கே அடுக்கப்பட்டிருந்தது என்ற விவரமும் உலகுக்குக் கிடைத்தன. அந்தச் சுத்தியலும் கிடைத்தது; அது இப்போது பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

என் கண்டெடுப்புகள் அதன் அருகில் நிற்கக்கூடியவை அல்ல. இருந்தாலும் ஒவ்வொன்றுக்கும் தேதி, இருப்பிடக் குறியீடு, ஆழம், அருகில் கிடந்த இரும்பு, கேட்ட ஒலி என்று ஒரு பதிவு வைத்திருக்கிறேன். அந்தப் பித்தளைக் குப்பி கிடைத்த இடத்தைச் சுற்றி, இருபது அடிக்குள், பின்னர் மூன்று பொத்தான்களும் உடைந்த கத்தரிக்கோலின் ஒரு பாதியும் கிடைத்தன. குறிப்பேட்டில் அவற்றைப் புள்ளிகளாக வைத்துப் பார்த்தால், வடகிழக்குப் பக்கம் இன்னும் நடக்கப்படாத ஒரு துண்டு நிலம் தெரிகிறது. அடுத்த உழவு முடிந்து மண் நனைந்ததும், சிறிய காயிலை மாட்டிக்கொண்டு அங்கிருந்துதான் தொடங்கப் போகிறேன், உரிமையாளரிடம் சொல்லிவைத்துவிட்டேன்.