அந்தி ஒளியில் டைம்லாப்ஸ்: கேமராவின் எந்த மோடை நம்பலாம்?

பகலில் தொடங்கி விண்மீன்கள் தெரியும் வரை ஒரே காட்சியை டைம்லாப்ஸாக (சீரான இடைவெளியில் எடுத்த படங்களைக் கோத்து வேகமாக ஓடவிடும் காணொளியாக) எடுப்பவரின் முதல் தலைவலி, எதைக் கேமரா முடிவுசெய்யும், எதை நாம் முடிவுசெய்வோம் என்று தேர்வுசெய்யும் மோடு டயல்தான். நல்ல வெயிலில் ஐ.எஸ்.ஓ. (சென்சாரின் ஒளி உணர்திறன்) 100-க்கு எக்ஸ்போஷர் மதிப்பு, அதாவது காட்சியின் ஒளியளவைக் குறிக்கும் எண், ஏறத்தாழ 15; நிலவற்ற இரவில் அது சுழியத்துக்கும் கீழே இறங்கிவிடும். இடையில் 20 ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இரு மடங்காவது அல்லது பாதியாவது) அளவுக்கு வேறுபாடு வந்தால், ஒளி 10 லட்சம் மடங்கு குறைந்திருக்கிறது என்று பொருள். இவ்வளவு பெரிய சரிவைக் கேமராவே பார்த்துக்கொள்ளும் என்று சொல்லி வரும் இடைவெளிப் படப்பிடிப்பு வசதிகளை எடைபோடுவதே இம்மதிப்புரையின் நோக்கம். நிக்கான் கேமராக்களில் இதற்கான அமைப்பின் பெயர் எக்ஸ்போஷர் ஸ்மூத்திங். சோனி கேமராக்களில் ஏ.இ. டிராக்கிங் சென்சிட்டிவிட்டி. லென்ஸின் திறப்பை (அபெர்ச்சர்) நாம் நிறுத்திவைக்க, ஷட்டர் வேகத்தைக் கேமரா தேர்ந்துகொள்ளும் அபெர்ச்சர் பிரியாரிட்டியோடு சேர்த்துப் பயன்படுத்தினால், அந்திப் படப்பிடிப்பில் எல்லாவற்றையும் நாமே அமைக்கும் மேனுவல் மோடுக்கான தேவையை இவை பெருமளவு குறைத்துவிட்டன என்பது என் கணிப்பு.

மேனுவல் மோடின் பெருமை ஒளி மாறாத வரைதான். நண்பகலிலோ முழு இருட்டிலோ அதற்கு நிகரில்லை. ஒளி சரியத் தொடங்கியதும் சில நிமிடங்களுக்கு ஒருமுறை ஷட்டரையோ ஐ.எஸ்.ஓ.வையோ மூன்றில் ஒரு ஸ்டாப் மாற்ற வேண்டியிருக்கும். அந்தச் சிறிய மாற்றமே ஒளியை ஏறத்தாழ 26 சதவீதம் கூட்டிவிடுவதால், காணொளியில் படி ஏறியது போன்ற துள்ளல் தெரியும். ரா (பதப்படுத்தாத மூலக் கோப்பு) வடிவில் எடுத்திருந்தால், எல்.ஆர்.டைம்லாப்ஸ் மென்பொருள் ஒவ்வொரு படத்தின் எக்ஸ்போஷர் தகவலையும் படித்து அந்தப் படிகளைச் சரிவாக்கித் தந்துவிடும். ஆனால் ஒவ்வொரு முறையும் விரல் கேமராவின் மீது பட்டு ஃப்ரேம் இம்மியளவு நகர்ந்தாலும் அது கண்ணை உறுத்தும். கம்பியில்லா இணைப்பில் மாற்ற முடியாதவர்கள் இவ்வழியில் இறங்காமல் இருப்பதே நல்லது.

ஷட்டர் பிரியாரிட்டியும் புரோகிராம் மோடும் இவ்வேலைக்கு உதவா. இவற்றில் அபெர்ச்சரைக் கேமராவே தேர்வதால், ஃப்ரேமுக்கு ஃப்ரேம் அது மாறினால் குவியத்தின் ஆழமும் (தெளிவாகத் தெரியும் தூர அளவும்) கூடவே மாறும்.

அபெர்ச்சர் பிரியாரிட்டியில் ஷட்டர் வேகம் நுண்ணிய படிகளில் தானே நகர்வதால் துள்ளல் இல்லை. அதன் பலவீனம் மீட்டரிங்கில், அதாவது கேமரா ஒளியை அளக்கும் விதத்தில், இருக்கிறது. ஒரு வாகனத்தின் முகப்பு விளக்கு லென்ஸை நோக்கித் திரும்பும் ஒரு கணத்தில் மீட்டர் ஏமாந்து அந்த ஒரு ஃப்ரேமை மட்டும் இருட்டாக்கிவிடும். விநாடிக்கு 25 ஃப்ரேம் ஓடும் காணொளியில் அது கண் சிமிட்டல் போலத் தெரிகிறது. சோனியின் அமைப்பில் ‘லோ’ நிலையைத் தேர்ந்தால் இத்தகைய திடீர் ஒளிக்குக் கேமரா பெரும்பாலும் அசைந்துகொடுப்பதில்லை. ‘ஹை’ நிலை எதற்காக இருக்கிறது என்பது விளங்கவில்லை. அந்திக்கு அதனால் பயனில்லை. நிக்கானில் முந்தைய படத்தின் எக்ஸ்போஷரோடு ஒத்துப்போகும்படி அடுத்தது அமைகிறது. தானியங்கி ஐ.எஸ்.ஓ.வை இயக்கியிருந்தால் மேனுவல் மோடிலும் இது வேலை செய்வது கூடுதல் வசதி.

இந்த நிதானத்துக்கு ஒரு விலையும் உண்டு. அடர்ந்த மேகம் சட்டென்று கதிரவனை மூடும்போது கேமரா பின்தங்கிவிடுவதால், சில ஃப்ரேம்கள் மங்கலாகி மெல்ல மீளும். பிரகாச வேறுபாடு பெரிதானால் இடைவெளியைக் குறைக்கும்படி நிக்கானின் கையேடே சொல்கிறது. மேகம் விரைந்தோடும் பகலுக்கு இவ்வசதியைவிட, பிரகாசமான பகுதியைக் கணக்கில் வைத்துப் பூட்டிய மேனுவல் எக்ஸ்போஷரே மேல். நிழல் வந்து போவதும் காட்சியின் ஓர் அங்கம்தானே.

இரவு நெருங்கும்போது இரண்டு குறைகள் வெளிப்படுகின்றன. மீட்டர் எதையும் நடுத்தரச் சாம்பல் நிறத்துக்கு இழுப்பதால் இரவும் பகல் போல வெளுக்கிறது. இருள் கூடக் கூட கேமராவின் கணிப்பைக் கூட்டிக் குறைக்கும் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனைச் சிறிது சிறிதாகக் குறைத்துவர வேண்டியிருக்கிறது. இதைத் தானாகச் செய்யும் வழி மேற்சொன்ன அமைப்புகளில் இல்லை என்பதே என் முக்கியக் குறை. அடுத்தது, ஷட்டர் நேரம் நீண்டுகொண்டே போய் இடைவெளியைத் தாண்டிவிடும் அபாயம். 10 விநாடி இடைவெளி என்றால் ஷட்டர் 8 விநாடிக்குள் நிற்க வேண்டும். தானியங்கி ஐ.எஸ்.ஓ.வில் குறைந்தபட்ச ஷட்டர் வேகத்தை அவ்வளவு மெதுவாக அமைக்கக் கேமரா அனுமதித்தால், அதுவரை ஐ.எஸ்.ஓ. கீழேயே இருந்து பிறகுதான் ஏறும். ஆனால் ஐ.எஸ்.ஓ. உச்சவரம்பைத் தொட்டதும் ஷட்டர் மறுபடி நீளத் தொடங்கும் என்பதால், வரம்பைத் தாராளமாக வைக்க வேண்டும். இடைவெளியைத் தொடக்கத்து வெளிச்சத்தைப் பார்த்து முடிவுசெய்யாமல், கடைசி ஃப்ரேமின் இருட்டைக் கணக்கிட்டே முடிவுசெய்வது பாதுகாப்பு. 10 விநாடி இடைவெளியில் 100 நிமிடம் எடுத்தால் 600 ஃப்ரேம்கள், அதாவது 24 விநாடிக் காணொளி கிடைக்கும். அந்தியை முழுமையாகக் காட்ட அது போதும்.

எந்த மோடாக இருந்தாலும் மீதமிருக்கும் சிமிட்டலுக்கு லென்ஸே காரணமாக இருக்கலாம். ஒவ்வொரு படத்துக்கும் அபெர்ச்சர் இதழ்கள் மூடித் திறக்கும்போது மிகச்சரியாக அதே அளவில் நிற்பதில்லை. முழுத் திறப்பில் எடுத்தாலோ, அபெர்ச்சர் வளையத்தைக் கையால் திருப்பும் பழைய லென்ஸைப் பொருத்தினாலோ இது நீங்கும். உள்ளே கண்ணாடி கொண்ட டி.எஸ்.எல்.ஆர். கேமரா பயன்படுத்துவோர் வியூஃபைண்டரின் கண்பகுதியையும் மூடிவிட வேண்டும். பின்னாலிருந்து நுழையும் வெளிச்சம் மீட்டரை நேரடியாகக் குழப்புகிறது. மிரர்லெஸ் கேமராவில் இத்தொல்லை இல்லை.